புதிய கடல்மீன் தொட்டியில் மீன்கள் ஏன் இறக்கின்றன?

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அமைத்து இரண்டு மாதம்கூட ஆகாத தொட்டிகளைப் பற்றியவை. எந்த மீன் எப்போது இறந்தது என்ற விவரமே பல வேளைகளில் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், அதைக் குறிப்பிட்டு எழுதியவர்களுக்கு முதலில் பதில் தருகிறேன்.

கேள்வி: தொட்டி அமைத்துப் பத்து நாள் ஆகிறது. தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. இருந்தும் நான்கு கோமாளி மீன்களில் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக இறந்துவிட்டன. ஏன்?

பதில்: அம்மோனியாவுக்கு நிறமில்லை, ஆகவே தண்ணீரின் தெளிவை நம்ப முடியாது. மீன்கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) உயர உயர அம்மோனியாவின் நஞ்சும் கூடும்; கடல்நீரில் அது 8.0 முதல் 8.4 வரை இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா இங்கே பன்மடங்கு நஞ்சாகிறது. இன்றே டெஸ்ட் கிட் கொண்டு அளந்து பாருங்கள். அம்மோனியா இருந்தால், அதே வெப்பமும் உப்பளவும் கொண்ட புதிய உப்புநீரால் கால் பங்கை மாற்றி, தீனியையும் குறையுங்கள். நைட்ரைட் தென்பட்டால் கலங்க வேண்டாம். கடல்நீரிலுள்ள குளோரைடு, அது செவுள் வழியே மீனுக்குள் புகுவதைப் பெரிதும் தடுக்கிறது. அம்மோனியா பூஜ்யமாகி அப்படியே நிலைக்கும் வரை, இறந்த மீன்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வாங்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வெளியூரிலிருந்து ஒரு நாள் பயணித்து வந்த மீனை, பையைத் திறந்து இரண்டு மணி நேரம் சொட்டுச்சொட்டாகத் தொட்டி நீர் கலந்து பழக்கினேன். அன்றே இறந்துவிட்டது.

பதில்: அந்தப் பொறுமையே இங்கே தீங்காக முடிந்திருக்கலாம். மூடிய பையில் மீன் வெளிவிடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்குவதால், அம்மோனியா அதிகம் கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். நெடும்பயணம் செய்த பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. விற்பவரின் தொட்டி நீரின் உப்பளவை முன்பே கேட்டறிந்து, புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியில் அதே அளவை வைத்துக்கொண்டு, பின்னர் சில நாட்களில் சிறிது சிறிதாக உயர்த்துவது நல்லது.

கேள்வி: ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக உப்புநீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றி, உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025 அளவில் வைத்திருங்கள்.

கேள்வி: மீன்களின் உடலில் உப்பு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. காப்பர் மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். தொட்டியில் இறாலும் பவளமும் உள்ளன.

பதில்: அந்தத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள், காப்பர் இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும், பாறையிலும் படிந்து தங்கும். இது பெரும்பாலும் கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கும். எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே காப்பர் அளவைத் தினமும் சோதித்தபடி மருத்துவம் செய்யுங்கள். ஒட்டுண்ணியின் கூடுகள் மணலில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், முதன்மைத் தொட்டியைக் குறைந்தது 6 வாரம், இயன்றால் 10 வாரத்துக்கும் மேல் மீனின்றி விடுங்கள். புள்ளிகள் மாவுபோல் மிக நுண்ணியவையாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் என்னும் வேறொரு ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம்; அது ஓரிரு நாளிலேயே கொல்லக்கூடியது என்பதால், மீன்களை இன்றே மாற்றிவிடுங்கள்.