களை பிடுங்கும்போது சட்டிக்கும் ஒரு பிடி

கேள்வி (உரும்பிராய் வாசகி): ஒரு மழைக்கே வெங்காயப் பாத்தியைச் சாரணை மூடிவிட்டது. வறை வறுக்கலாம் என்கிறார் மாமி. பக்கத்து வீட்டு அக்காவோ அது சாரணை இல்லை, மூக்கிரட்டை என்கிறார். எதை நம்புவது?

பதில்: செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டுக்குமே ஒரு கணுவில் ஒரு இலை பெரிசும் மற்றது சின்னதுமாக இருக்கும், குழப்பம் அங்கேதான். சாரணையில் இலை சதைப்பிடிப்பாக இருக்கும், பூ காம்பே இல்லாமல் கணுவுக்குள் ஒளிந்து கிடக்கும். மூக்கிரட்டையின் பூ குட்டியாக, மெல்லிய நீண்ட காம்பில் ஊதாச்சிவப்பாய் வெளியே நிற்கும், அதன் காய் உடுப்பில் ஒட்டும், பிடுங்கினால் தடித்த வேர் பாதியில் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். இரண்டையும் நம்மவர்கள் சமைத்துச் சாப்பிட்டவர்கள்தான், மாறிப்போனாலும் பயமில்லை.

பூக்குமுன் நுனிக்கொழுந்தாக ஆய்ந்து, அவித்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்து வெளியே ஊற்றிவிடுங்கள், சிறுநீரகக் கல்லுக்கு வழிவிடும் ஒட்சலேற் என்ற உப்பு அதிகம். பிறகு பிழிந்து அரிந்து, வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கிய தாச்சியில் போட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பூ. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். வெங்காயத்துக்கு மருந்து அடித்த பாத்தி என்றால் மாமி என்ன சொன்னாலும் தொடாதீர்கள், வேலியோரம் முளைத்ததைப் பிடுங்குங்கள்.

கேள்வி (சுன்னாகம் வாசகர்): பார்த்தீனியத்தை ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம், பால் கசக்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது ஆடுகளோடு வந்ததாக இங்கே சொல்வார்கள். நம் பாட்டிமாருக்கு அதன் பெயரே தெரியாது, கைமருந்துக்கு எங்கே போவது! தோல் கடிக்கும், சிலருக்கு மூச்சும் முட்டும். மண் ஈரமாக இருக்கும்போது, பூக்குமுன், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்ததைப் பசளைக் குழியில் போட்டால் அடுத்த போகம் தோட்டமெல்லாம் அதுதான்.

கேள்வி (கொக்குவில் வாசகி): இலைக்கஞ்சிக்கு என்னென்ன இலை?

பதில்: முசுட்டை, முல்லை, மொசுமொசுக்கை, தூதுவளை, முடக்கொத்தான், இவற்றில் கிடைத்தது எதுவும். இடித்துச் சாறு பிழிந்து, வெந்துவரும் பச்சையரிசிக் கஞ்சியில் விட்டு, உள்ளி, மிளகு, கடைசியில் தேங்காய்ப்பால். தூதுவளையில் முள் இருக்கும், பார்த்து ஆயுங்கள். சரி, இலைக்கு எங்கே போவீர்கள்? கிளுவை வேலியை வெட்டி மதில் கட்டிய வீடென்றால் முசுட்டை படர இடமில்லை, சந்தையில்தான் வாங்க வேண்டும்.