பழைய ராணுவ டீசல் பிக்கப் எம்1008: கேள்வி பதில்

1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக செவர்லே செய்துகொடுத்த எம்1008 பிக்கப்பைப் பற்றி வந்த கேள்விகள் இவை. 6.2 லிட்டர் வி8 டீசல் எஞ்சின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இழுவை. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்துப் பலர் ஓட்டுகிறார்கள். என்னிடமும் ஒன்று பதினொரு வருடமாக இருக்கிறது.

கேள்வி: குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கலாமா அண்ணா?

வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த எஞ்சினில், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடேற்ற எட்டு ஹீட்டர் பிளக் இருக்கிறது. அவை சூடாக இருக்கும்போது ஸ்பிரேயில் உள்ள ஈத்தர் உள்ளே போனால், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் தீப்பிடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைத்துவிடும்.

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் கழற்றிவிட்டு, பிளக் நுனிக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல பிளக் ஒன்று, இரண்டு ஓமுக்குள் காட்டும். எதுவுமே காட்டாதது எரிந்துபோனது. எட்டில் மூன்று போயிருந்தால் குளிரில் கஷ்டம்தான்.

எட்டும் சரி என்றால், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பில் (ஃபயர்வால்), பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். சில நொடி கழித்து விடுபடும் சத்தமும் வர வேண்டும். விடுபடாமல் ஒட்டிக்கொள்வதுதான் இந்த வண்டியின் பெரிய வியாதி. பிளக்குகள் தொடர்ந்து காய்ந்து, நுனி வீங்கி, கழற்றவே வராது. என் வண்டியில் அப்படி வீங்கிய ஒன்றை எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. நுனி முறிந்து சிலிண்டருக்குள் விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு திருப்புக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தானே சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏசி 60ஜி பிளக்தான் போடுகிறேன். வீங்குவது கிடையாது.

கேள்வி: இரண்டு பேட்டரி, இரண்டு ஆல்டர்னேட்டர் எதற்கு? எல்லாவற்றையும் 12 வோல்ட்டாக மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

வண்டியில் ஏறக்குறைய எல்லாமே 12 வோல்ட்தான். ஸ்டார்ட்டரும், வேறு ராணுவ வண்டியிலிருந்து கரண்ட் எடுக்க முன்னால் இருக்கும் நேட்டோ சாக்கெட்டும் மட்டும் 24. ஹீட்டர் பிளக்குக்கும் 24ஐ ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைத்து அனுப்புகிறார்கள். அந்த ரெசிஸ்டரை நீக்கிவிட்டு ரிலேக்கு நேராக 12 கொடுப்பது நல்ல மாற்றம், செய்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டரை மட்டும் 24லேயே விடுங்கள் என்பது என் கருத்து. குளிரில் விறைத்துக் கிடக்கும் டீசல் எஞ்சினை அது சுற்றுகிற வேகமே தனி.

பேட்டரிகள் தொடராக இணைந்தவை. அதனால் மாற்றினால் இரண்டையும் சேர்த்து, ஒரே அளவில் மாற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக 14 வோல்ட் வர வேண்டும். ஒன்றில் 12தான் என்றால் அந்தப் பக்கத்து ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. டாஷ்போர்டில் ஜென் 1, ஜென் 2 என்று இரண்டு விளக்கு வைத்ததே இதற்குத்தான்.

பேட்டரி இறங்கிவிட்டால் பக்கத்து காரிலிருந்து கேபிள் போடாதீர்கள். சார்ஜர்தான் பத்திரம். இரண்டாவது பேட்டரியின் மைனஸ் முனை எர்த் இல்லை, அங்கே 12 வோல்ட் இருக்கிறது. அதில் கேபிள் மாட்டி இரண்டு வண்டியின் பாடியும் உரசினால் பெரிய ஷார்ட் ஆகும்.

கேள்வி: ஹைவேயில் 110 கிலோமீட்டரில் போகலாமா?

போகாதீர்கள். பின் ஆக்சில் 4.56 விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் நாலரை முறைக்கு மேல் சுற்ற வேண்டும். எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியரும் கிடையாது. 90லேயே எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடுகிறது.

கேள்வி: மூன்று நாள் நிறுத்திவைத்தால் நிமிடக்கணக்கில் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பம்ப் மாற்ற வேண்டுமா சார்?

இப்போதைக்கு டீசல் பம்பைத் தொடாதீர்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ ஏர் நுழைந்து, டீசல் டேங்குக்கே திரும்பி ஓடுகிறது. மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டன் லைனில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸ் போட்டு, குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் ரப்பர் ஹோஸ்கள், டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு மேல் உள்ள சின்ன ரிட்டன் ஹோஸ்கள், ஃபில்டர் சீல் என்று வரிசையாக மாற்றுங்கள். செலவு கொஞ்சம்தான்.

அதே ஹோஸில் கறுப்புத் துணுக்குகள் வந்தால் விஷயம் வேறு. ஸ்டானடைன் கம்பெனியின் அந்த டீசல் பம்புக்குள் இருக்கும் ஒரு பழைய வளையம் உதிர்கிறது. அது ரிட்டன் வால்வை அடைத்து ஓடும் வண்டியை நிறுத்திவிடும். அப்போது பம்பைக் கழற்றி, தெரிந்தவரிடம் கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஒரு வண்டி பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் எதைக் கவனிக்க?

பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். கீழே படுத்து, ஸ்டார்ட்டரின் முன்முனையை பிளாக்கோடு பிடிக்கும் சின்னத் தகடு இருக்கிறதா பாருங்கள். செல்ஃப் மாற்றியவர்கள் பெரும்பாலும் இதைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் போல்ட் முறியும், சில நேரம் பிளாக்கே விரியும்.

அப்புறம் கிராங்க் ஷாஃப்டுக்கு முன்னால், அதன் அதிர்வை அடக்க இருக்கும் டேம்பர். அதன் ரப்பர் வெடித்திருந்தால் பேரம் பேசிக் குறைத்து வாங்கி, ஓட்டும் முன்பே மாற்றிவிடுங்கள். அப்படியே ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டே உடையும். டிஎம் 9-2320-289 வரிசை ராணுவக் கையேடுகளில் ஒயரிங் படம் முழுவதும் இருக்கிறது. அச்செடுத்து சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.