அண்ணனின் வயது

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை. சென்ற மாதம் அலுவலகப் பயிற்சியில் எரிக்சன் என்ற உளவியலாளர் சொன்ன எட்டு வாழ்க்கைப் பருவங்களைப் பற்றி வகுப்பெடுத்தார்கள். ஏழாவது பருவத்தில், அதாவது நடுவயதில், அடுத்த தலைமுறைக்கு எதையாவது தராதவர் தேங்கிப்போவார் என்றார்கள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வங்கியில் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் செய்தது என்ன? தேங்கிவிட்டேனா? பேதை, பெதும்பை என்று நம் மரபிலும் ஏழு பருவங்கள் உண்டே, அதில் இதற்கு விடை இருக்கிறதா? ஒரு பருவத்தைச் சரியாகத் தாண்டாதவர்கள் என்ன ஆவார்கள்?

வீட்டில் அம்மாவும் (77) அண்ணனும் இருக்கிறார்கள். அண்ணனுக்கு 51 வயது, டவுன் சிண்ட்ரோம். ஐந்து வயதோடு மனசு நின்றுவிட்டதால் அவனை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆறு மாதமாக அவனும் படுத்துகிறான். ராத்திரியில் எழுந்து கதவைத் திறக்கிறான். சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். "மறுபடியும் கைக்குழந்தையா ஆயிட்டான்" என்று அம்மா அழுகிறாள்.

சு.

அன்புள்ள சு.,

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி உங்களைப் பற்றியது. நான் பதில் எழுத உட்கார்ந்தது அதன் கடைசிப் பத்திக்காக. எரிக்சனின் எட்டுப் பருவங்களுக்குள் இடம் கிடைக்காத மனிதர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். நீங்கள் தேங்கவில்லை. எரிக்சன் தன் பருவங்களைப் பரீட்சையாக வைக்கவில்லை. எந்தப் பருவத்தின் வேலையும் அந்தப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை, பிறகும் திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் அவர் கட்சி. 1918 அகமதாபாத் மில் வேலைநிறுத்தத்தின்போது காந்திக்கு வயது 48. அந்த நடுவயதுக் காந்தியை மையமாக வைத்து எரிக்சன் 1969இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குத் தகப்பனாக நின்ற மனிதர் வீட்டு மனிதர்களிடம் காட்டிய கடுமையையும் அதில் அவர் விடவில்லை. நேராகக் காந்தியிடமே கோபித்துக்கொள்வதுபோல அதில் ஒரு பகுதி இருக்கிறது. காந்திக்கே தேர்ச்சி கிடைக்காத இடத்தில் நீங்கள் எதற்கு மதிப்பெண் கேட்கிறீர்கள்? பேதை முதல் பேரிளம்பெண் வரையான கணக்கு, உலா வருகிற தலைவனைப் பார்க்கத் தெருவில் நிற்கும் பெண்களை ஆண் கண் அளந்த கணக்கு. 40 வயதில் முடிந்துவிடும். உங்களுக்குச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்.

உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். 1944இல் எரிக்சனுக்கும் அவர் மனைவி ஜோனுக்கும் ஒரு மகன் பிறந்தார். பெயர் நீல். டவுன் சிண்ட்ரோம். ஜோன் பிரசவப் படுக்கையில் இருந்தபோதே குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்ப எரிக்சன் முடிவெடுத்தார். அன்றைய அமெரிக்காவில் மருத்துவர்கள் சொன்ன வழி அதுதான். வீட்டிலிருந்த பிள்ளைகளிடம் தம்பி பிறந்ததுமே இறந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, ஆரோக்கியமான மனிதன் எந்தெந்தப் பருவங்களைக் கடந்து வளர்கிறான் என்ற வரைபடத்தைத் தீட்டினார்கள். 1950இல் அது வெளிவந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க, ஆசிரியப் பயிற்சியிலிருந்து உங்கள் வங்கிப் பயிற்சி வரைக்கும் சொல்லித் தருகிறார்கள். அதில் நீலுக்கு இடமில்லை. சீக்கிரமே இறந்துவிடுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட அவர், வீட்டுக்கு வராமலேயே சுமார் இருபது வயது வரை வாழ்ந்தார்.

எரிக்சனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டின் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் "அவனை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது" என்று நீங்கள் எழுதியபோது அந்த வரைபடத்தை அது பிறந்த வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

அந்த "ஐந்து வயது மனசு" எங்கிருந்து வந்தது? 1905இல் பாரீஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் என்ற இருவர், பள்ளியில் எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கச் சில கேள்விகளைத் தொகுத்தார்கள். 1908இல் அவற்றை வயதுவாரியாக அடுக்கினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எவற்றுக்கு விடை சொல்வார்கள், எட்டு வயதுப் பிள்ளைகள் எவற்றுக்குச் சொல்வார்கள் என்ற அடுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த அந்த அடுக்கிலிருந்து கிளம்பிய கணக்குதான் உங்கள் அண்ணன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. காசு எண்ணுவதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளையின் விடைகளைச் சொல்லலாம். அவர் வாழ்ந்த 51 வருடங்கள் எங்கே போகும்? உங்கள் அப்பா செத்தபோது அவர் அந்த வீட்டில்தானே இருந்தார்? உங்களைக் கல்யாணம் செய்து அனுப்பியபோது வாசலில் நின்றாரா இல்லையா? ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் நடந்திருக்காது.

என் தாய்மாமா ஒருவர் இப்படி. அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சி வீட்டில் இருந்தார். முப்பது வயது வரைக்கும் அரைக்கால் சட்டைதான் போட்டுவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும், என்னைப் போன்ற பொடியன்களுக்கும், அவர் "வாடா போடா"தான். ஒரு பொங்கலன்று கொடியில் காய்ந்த தாத்தாவின் எட்டு முழ வேட்டியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். பாதி தரையில் இழுபட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி பிடுங்கப் போனாள். மாமா இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதுவரை ஒருவர் சொல்லையும் அவர் தட்டியதில்லை. தாத்தா திண்ணையிலிருந்து, "விடுட்டி, கட்டட்டும். அவனுக்கும் மீச நரைக்கப் போற வயசு வரும்லா" என்றார். அவரே எழுந்து வந்து மடித்துக் கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து மாமா அரைக்கால் சட்டையைத் தொடவில்லை. அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஆண்களின் பந்தியில் வந்து உட்கார்ந்தார். சவரக்கடைக்குப் போனால் தன் முறை வரும்வரை பெஞ்சில் காத்திருந்தார். சிறுவர்கள் "டேய்" என்றால் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பினேயின் கேள்விகளை அன்று கேட்டிருந்தாலும் பழைய விடைகளைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு மனிதர் பையனாக இருப்பதை முடித்துக்கொண்டு ஆணாக நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு வளர்ச்சி என்று பெயர் சொல்லாவிட்டால் வேறு எதற்குச் சொல்வது?

இப்போது உங்களோடு கோபிக்க வேண்டிய இடம். "அவனும் படுத்துகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் படுத்தவில்லை, சு. கைக்குழந்தையாகவும் ஆகவில்லை. அவருக்கு முதுமை வந்திருக்கலாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். 1959இல் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவது அல்சைமர் நோயின் அடையாளம். அந்தப் புரதத்துக்கு மூலமான மரபணு இருப்பதும் இதே 21ஆம் குரோமோசோமில்தான். அதனால் 40 வயதுக்குள்ளேயே இவர்கள் மூளையில் பெரும்பாலும் அந்தப் படிவு தொடங்கிவிடுகிறது. ஐம்பதுகளில் பலருக்கு மறதிநோய் வெளியே தெரிய வருகிறது. முன்பு யாரும் கவனிக்காததற்குக் காரணம், அந்த வயதுவரை இவர்கள் உயிரோடு இருந்தது குறைவு என்பதுதான். அமெரிக்காவில் 1983இல்கூட இவர்களின் சராசரி ஆயுள் 25 வருடம். இதயக் கோளாறுக்கு அறுவைச் சிகிச்சை வந்து, காப்பகங்களிலிருந்து வீட்டுக்கு வந்தபின் இன்று 60ஐத் தொடுகிறது. உங்கள் அண்ணனை 51 வயதுவரை கொண்டுவந்தது உங்கள் அம்மாவின் கை. அதை நீங்கள் உணர வேண்டும்.

என் மாமாவுக்கும் நாற்பதுகளில் இதே வந்தது. தினமும் போன கோயிலுக்கு வழி தெரியவில்லை. வேட்டி கட்டுவது மறந்துபோனது. சேட்டை என்று சொல்லி அடித்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் மறுபடி அரைக்கால் சட்டையை மாட்டிவிட்டார்கள். தன் அம்மாவைவிட மூத்த கிழவராக அவர் அந்த வீட்டுக்குள் நடமாடினார், ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இது. உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

ஆனால் மறதிநோய் என்று நீங்களாக முடிவுகட்டிவிடாதீர்கள். தைராய்டு குறைவு இவர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும், அதுவும் ஆளை இப்படி மந்தமாக்கும். காது கேட்காமல் போயிருக்கலாம், கண்ணில் புரை விழுந்திருக்கலாம், தூக்கத்தில் மூச்சுத் திணறலாம், மனச்சோர்வாக இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. முதலில் ரத்தப் பரிசோதனை, காது, கண். பிறகு நரம்பியல் மருத்துவர். "இவங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று சொல்கிற மருத்துவரிடம் வாதாடாதீர்கள், வேறொருவரைப் பாருங்கள். அண்ணனிடம் ஆறு மாதத்துக்கு முன் என்ன முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அதைவிட உபயோகமானது எதுவும் இல்லை.

இன்னொன்று, வங்கியில் இருக்கும் நீங்கள் இதற்குள் செய்திருக்க வேண்டியது. 18 வயது நிறைந்தபின் பெற்றவர்கள் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள குழுவிடம் விண்ணப்பித்துத்தான் அந்தப் பொறுப்பைப் பெற வேண்டும். கூடப்பிறந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டையும் அங்கேயே விசாரியுங்கள். உங்கள் அம்மா ராத்திரியில் அழுவது பொத்தானுக்காக மட்டும் இல்லை. தனக்குப் பிறகு யார் என்ற கேள்வியோடு ஐம்பது வருடமாகப் படுத்து எழுந்தவள் அவள். எரிக்சன் எட்டாவது பருவத்துக்குச் சொன்ன மனநிறைவு, வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து அமைதியடைவது, இந்தத் தாய்மாருக்கு வாய்ப்பதே இல்லை. இன்னும் வளர்ப்பு முடியாதவர்கள் எப்படித் திரும்பிப் பார்ப்பார்கள்? "நான் இருக்கேம்மா" என்று நீங்கள் வாயால் சொன்னால் போதாது, காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மறதிநோய் என்று உறுதியானால், அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற யாருக்கும் அவருடைய கதை தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவார், எந்தத் தட்டில் சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார், யார் பெயரைச் சொன்னால் எழுந்து வருவார். அது முழுக்க இப்போது உங்கள் அம்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அவளுக்கு 77 வயது. மகள் விடுமுறைக்கு வரும்போது இரண்டு பேருமாகப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் எங்கேயும் அது இல்லை.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியப்படுத்துங்கள்.