ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் சங்கிலிகள்

கேள்வி: துறைமுகத்தில் கரையேற்றிப் போட்டிருக்கும் நங்கூரச் சங்கிலிகளைக் கைபேசியில் எடுத்து வருகிறேன். நேரில் கருகருவென்று கனமாகத் தெரியும் இரும்பு, படத்தில் வெளிறித் தட்டையாக விழுகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கேமரா ஒளியை அளக்கிறது. சட்டகம் நிறையக் கறுத்த இரும்பு இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று அது முடிவுகட்டி, படத்தை வெளுக்கச் செய்துவிடும். திரையில் சங்கிலியைத் தொட்டதும் பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்துப் பாருங்கள். கறுப்பு கறுப்பாகவே பதியும்.

தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் உச்சி வெயில்தான். உருண்டைக் கம்பியின் ஒரு பக்கம் வெளிச்சத்திலும் மறுபக்கம் நிழலிலும் இருந்தால்தான் அதன் உருட்சி கண்ணுக்குப் புலப்படும் என்பதால், வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போவது நல்லது. போனதும் முதலில் ஒரு கண்ணி மற்றொரு கண்ணியோடு உரசும் இடத்தைத் தேடுங்கள். புழக்கத்தில் உள்ள சங்கிலியில் மற்ற இடமெல்லாம் துருவேறியிருக்க, அந்த ஒரு விரற்கடை அளவு மட்டும் தேய்ந்து வெள்ளியாக மின்னும். எந்தச் சங்கிலியானாலும் சுமை தாங்கும் இடம் அதுதான்; என் கருத்தில் குவியம் வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

பெரிய கப்பல்களின் சங்கிலியில், கண்ணி நசுங்காமலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமலும் இருக்க ஒவ்வொரு கண்ணியின் குறுக்கேயும் ஓர் இரும்புக் கட்டை வைத்திருப்பார்கள். கப்பலில் அதன் நீளத்தை 27.5 மீட்டர் துண்டுகளாக எண்ணுவது வழக்கம். அத்தகைய பல துண்டுகள் சேர்ந்த சங்கிலியை முழுவதுமாக ஒரே படத்தில் அடக்கப் பார்ப்பதைவிட, மூன்று நான்கு கண்ணிகளோடு ஒரு மனிதரையும் சேர்த்து எடுத்தால் அதன் பருமன் தானே விளங்கிவிடும். 1857இல் ராபர்ட் ஹவ்லெட் இலண்டன் தேம்ஸ் கரையில் எடுத்த படம் இதற்குச் சரியான சான்று. ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலை ஆற்றில் இறக்குவதற்கான சங்கிலிகளின் முன்னே, அதை வடிவமைத்த பொறியாளர் புரூனெல் கால்சட்டைப் பைகளில் கைகளை விட்டபடி, வாயில் சுருட்டும் காலணியில் சேறுமாக நிற்கிறார். அவருடைய உயரமான தொப்பியையும் தாண்டிச் சங்கிலி எழுந்து நிற்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டு ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலியில் கிளியும் யானையும் கோத்திருக்கின்றன. படமெடுத்தால் எங்கும் வெள்ளை வெள்ளையாகக் கூசுகிறது. போலரைசர் வடிகட்டி வாங்கினால் சரியாகும் என்கிறார்கள், வாங்கலாமா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இதற்காக வாங்க வேண்டாம். தண்ணீர், கண்ணாடி, வண்ணப்பூச்சு ஆகியவற்றின் மேல் தெரியும் பளபளப்பை அந்த வடிகட்டி குறைக்கும். பூச்சில்லாத உலோகத்தின் பிரதிபலிப்பில் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை. நன்றாகத் துலக்கிய பித்தளை ஒரு கண்ணாடியைப் போன்றது. எதிரே எது இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். ஆகவே, சன்னலுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிடுங்கள். கூசும் புள்ளிகள் மறைந்து, கிளியின் உடலில் மென்மையான ஒரு வெளிச்சம் படரும். எடுப்பவர் சிவப்புச் சேலை கட்டியிருந்தால் அந்தச் சிவப்பும் யானையின் வயிற்றில் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். படத்துக்காகப் புளி போட்டு ஒரேயடியாகத் தேய்த்துவிடவும் வேண்டாம். சிறகின் இடுக்கில் தங்கிய பச்சைக் களிம்புதான் செதுக்கு வேலையை எடுத்துக் காட்டுகிறது.

குழந்தைகளை ஆட விட்டும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கேமராவை முக்காலியில் பொருத்தி, 1/15 நொடி அளவில் எடுத்தால், கொக்கியை ஒட்டிய மேல் கண்ணிகள் தெளிவாக நிற்க, கீழே வர வர அவை கலங்கி, பலகை ஒரு தீற்றலாக மாறும். ஆட்டம் முழுவதும் அந்த ஒரே படத்தில் வந்துவிடும்.

கேள்வி: காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் கல் சங்கிலியை எப்படி எடுப்பது?
— ஒரு வாசகர், செய்யாறு

பதில்: நான் முதல் தடவை போனபோது நான்கு கண்ணிகளை மட்டும் நெருக்கத்தில் எடுத்துக்கொண்டு பெருமையாகத் திரும்பினேன், பார்த்தவர்கள் எல்லாரும் ‘பழைய இரும்புச் சங்கிலியா?’ என்று கேட்டார்கள். விசயநகரக் காலத்து நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் அந்தச் சங்கிலியின் வியப்பே, ஒட்டோ இணைப்போ இல்லாமல் கல்லிலேயே கண்ணிகளைக் குடைந்து பிரித்திருப்பதுதான். எனவே, அது புறப்படும் மேற்கல் படத்தில் இருந்தே ஆக வேண்டும். வெளியே நின்று அண்ணாந்து எடுத்தால் வானத்தின் வெளிச்சத்தில் சங்கிலி வெறும் கறுப்பு உருவமாகிவிடும். நிழலான தூண்கள் அதன் பின்னணியாக அமையும்படி இடம் மாறி நில்லுங்கள். வானத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள். வானம் வெளுத்தாலும் உளியின் தடம் தெரியும். முக்காலி கொண்டுபோவதாக இருந்தால் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: விற்பனைக்காக எடுக்கும் கவரிங் சங்கிலிகளின் படத்தில் நிறம் பச்சையடிக்கிறது. ஏன்?
— ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: சன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலோரமாக எடுங்கள்.

கேள்வி: மிதிவண்டிச் சங்கிலியை மிக நெருக்கத்தில் எடுத்தால் ஒரு கண்ணிதான் தெளிவாக இருக்கிறது, மற்றவை மங்கிவிடுகின்றன.
— ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அவ்வளவு அருகில் தெளிவின் ஆழம் சில மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒளி நுழையும் லென்சுத் துளையை எஃப் 11 வரை சுருக்கலாம். எஃப் 16ஐத் தாண்டினால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். சங்கிலிக்கு இணையாகக் கேமராவை வைப்பதே எளிய வழி. தூசி படிந்த மசகு எண்ணெய்தான் அந்தப் படத்தின் அழகு என்பதால் அதைத் துடைத்துவிடாதீர்கள். துடைத்தே ஆக வேண்டுமென்றால், படமெடுத்த பிறகு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.