‘சம் லைக் இட் ஹாட்’: பெண் வேசம் கட்டுவது கேலியா?

1959இல் வந்த ‘சம் லைக் இட் ஹாட்’ படத்தில் இரண்டு ஆண்கள் பெண் வேடம் போட்டுப் பகிடி பண்ணுகிறார்களே, இன்றைக்குப் பார்த்தால் பெண்களைக் கேலி செய்வதுபோல் இருக்காதா, பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் பாருங்கள். அந்தப் படம் பெண்களைக் கேலி செய்யவில்லை. வேடம் போட்ட ஆண்கள் படும் பாட்டைத்தான் காட்டிச் சிரிக்க வைக்கிறது.

கதை இதுதான். 1929, சிக்காகோ. ஜோ சாக்சபோன் வாசிப்பவன், ஜெரி ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் வாசிப்பவன். கையில் காசில்லை. வாகனம் எடுக்கப்போன இடத்தில் ரவுடிக் கும்பல் ஒன்று ஆட்களைச் சுட்டுக் கொல்வதைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். உயிர் தப்ப ஒரே வழி, புளோரிடாவுக்குப் போகும் பெண்கள் இசைக்குழுவில் பெண்களாகச் சேர்வது. ஜோ ஜோசபின் ஆகிறான், ஜெரி டாப்னி ஆகிறான். அந்தக் குழுவில் பாடுபவள்தான் மர்லின் மன்றோ. ஜோவாக டோனி கேர்ட்டிஸ், ஜெரியாக ஜக் லெமன், இயக்கம் பில்லி வைல்டர்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். பெண் வேசம் எனக்குப் புதிதில்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் முந்தி விடிய விடியக் கூத்து ஆடும்போது அரசியாகவும் தோழியாகவும் வந்தது ஆண்கள்தான். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் ‘மயான காண்டம்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடுவார். எதிரே பிள்ளையைப் பறிகொடுத்துக் கதறும் சந்திரமதியும் ஆண் நடிகர்தான். அந்த இடத்தில் சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்ததாகத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சிரித்ததாக ஒருவரும் சொன்னதில்லை. சீலை கட்டிய ஆணைக் கண்டதும் சிரிப்பது பிறகு சினிமாவில் பழக்கிவிட்ட பழக்கம். விக் கழன்று விழுந்தால் சிரி, குரல் கட்டையாக வந்தால் சிரி என்று எத்தனை படங்கள்! ‘அவ்வை சண்முகி’ மாதிரி மாமியை ஒரு முழு ஆளாக நிற்க வைத்த படங்கள் குறைவு.

என் பெரிய மாமா இளவயதில் கூத்தில் பெண் வேசம் கட்டியவர். அவரோடு இருந்துதான் இந்தப் படத்தை லப்டொப்பில் பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் பெரிதாக விளங்காது. ஜோவும் ஜெரியும் குதி உயர்ந்த சப்பாத்தோடு ரயில் மேடையில் நடந்துவரும் காட்சி வந்ததும், “நிப்பாட்டு தம்பி, அதைத் திரும்பப் போடு” என்றார். இரண்டாம் முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “முன்னுக்குப் போறவன் பழகியிருக்கிறான். கழுத்தைப் பார், வாயைப் பார். மற்றவன் பழகேல்லை. எங்கை விழுந்திடுவனோ எண்டு காலையே பாத்துக்கொண்டு வாறான். தோளும் ஆம்பிளைத் தோளாவே நிக்குது.”

அவர் சொன்னது அப்படியே சரி. இருவருக்கும் நடை பழக்குவதற்கு பார்பெட் என்ற கலைஞரை அழைத்திருந்தார்கள். 1920களில் பாரிஸ் மேடைகளில் பெண் உடையில் கயிற்றில் வித்தை காட்டிப் புகழ் பெற்ற டெக்சஸ்காரர் அவர். ஒரு காலுக்கு முன்னால் மற்றக் காலைக் குறுக்காக வைத்து நடக்கச் சொல்லிக் கொடுத்தார். கேர்ட்டிஸ் பழகிக்கொண்டார். லெமன் வேண்டாம் என்றுவிட்டார். பெண்ணைப் போல நடக்கத் தெரிந்துவிட்டால் பாத்திரம் கெட்டுவிடும், பெண்ணைப் போல நடக்கப் படாத பாடு படும் ஆணாகத்தான் தெரிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கும் வேடம்தான் காரணம். வண்ணத்தில் சோதித்துப் பார்த்தபோது, கனத்த ஒப்பனை போட்ட முகங்கள் பச்சை நிறமாகத் தெரிந்தனவாம்.

மின்தூக்கிக் காட்சியைக் கவனியுங்கள். ஒரு கிழட்டுக் கோடீஸ்வரன் டாப்னியைக் கிள்ளுகிறான். கொதித்துக்கொண்டு வருகிற ஜெரியிடம், பெண்களின் பாடு என்னவென்று இப்போது தெரிகிறதா என்ற மாதிரி ஜோ சொல்கிறான். அதோடு விட்டுவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது, பிரசங்கம் இல்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் பொம்பிளைப் பிள்ளைகள் தினமும் படும் கரைச்சலை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு வசனம் போதும்.

அப்புறம் வருகிறது நான் எத்தனை தரம் பார்த்தும் அலுக்காத காட்சி. அதே கோடீஸ்வரனோடு இரவு முழுக்க டாங்கோ ஆடிவிட்டு வந்த ஜெரி, கட்டிலில் கிடந்து இரண்டு கையிலும் மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை வாத்தியத்தைக் குலுக்கிக்கொண்டு தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்கிறான். பொம்பிளை ஆர் என்று ஜோ கேட்க, நான்தான் என்கிறான். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்! தான் ஆண் என்பதே அவனுக்கு மறந்துபோய்விட்டது. அந்த மராக்காசைக் கையில் கொடுத்தது வைல்டரின் யோசனை. ஒவ்வொரு வசனத்துக்கும் தியேட்டர் அதிரும், அடுத்த வசனம் கேட்காமல் போய்விடும் என்று கணக்குப் பார்த்து, இடையில் குலுக்கி ஆடச் சொல்லியிருக்கிறார். நகைச்சுவைக்கும் தாளக்கட்டு உண்டு என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மாமாவும் அந்த இடத்தில் வசனம் விளங்காமலே விழுந்து விழுந்து சிரித்தார்.

இசையும் கதைக்குள்ளேயே இருக்கிறது. பாட்டுக்காகக் கதை நிற்பதில்லை, குழு மேடை ஏறும்போதும் ரயிலில் ஒத்திகை பார்க்கும்போதும் மன்றோ பாடுகிறாள். கடைசிப் பாட்டு காதலே வேண்டாம் என்று மனமுடைந்து பாடுவது. அதைக் கேட்டு ஜோ பெண் உடையோடேயே மேடைக்கு வந்துவிடுகிறான். இங்கே படத்தின் கெட்டித்தனத்தைப் பாருங்கள். ஜோவுக்கு இரண்டு வேடம். எண்ணெய்க் கொம்பனிப் பணக்காரனாக ஆண் வேடம் போடும்போது அவளிடம் பொய்க்கு மேல் பொய் சொல்கிறான். ஜோசபினாக இருக்கும்போதுதான் ஆண்களால் அவள் பட்ட காயங்களை அவள் வாயாலேயே கேட்கிறான். கடைசியில் உண்மையைக் காட்டுவதும் பெண் உடையில்தான்.

எனக்கு உறுத்துகிற ஒன்றும் இருக்கிறது. படகில் வைத்து அவளை அவ்வளவு ஏமாற்றிய ஜோவைப் படம் மிகச் சுலபமாக மன்னித்துவிடுகிறது. மன்றோவின் பாத்திரத்துக்கும் இன்னும் கொஞ்சம் புத்தி கொடுத்திருக்கலாம். ஆனால் அவருடைய நடிப்பு அந்தக் குறையை நிறையவே மூடிவிடுகிறது.

ஒஸ்காருக்கு ஆறு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, உடையமைப்புக்கு மட்டுமே பரிசு கிடைத்தது. வைல்டரும் கூட எழுதிய ஐ. ஏ. எல். டயமண்டும் கடைசி வசனத்தை இதைவிட நல்லது கிடைக்கும்வரை இருக்கட்டும் என்றுதான் எழுதி வைத்தார்கள், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அதை இங்கே சொல்ல மாட்டேன். வேறு யாராவது சொல்ல வந்தாலும் படத்தைப் பார்க்கும்வரை காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.