கம்பஸ் விழாக்களில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் உண்மையிலேயே கலக்கிறார்களா, இல்லை போட்டோவுக்குத்தானா?

நான் படித்தது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில். எந்த இனமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. எங்கள் பச்சிலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று இனத்தவரும் இருந்தோம். பொங்கல், வாணி விழா, ஒளிவிழா, இப்தார், வெசாக் என்று வருடம் முழுக்க ஏதாவது வரும்.

போட்டோவுக்கு மட்டும் வருபவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். மேடையைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. மங்கல விளக்கு, தலைமையுரை, சிறப்புரை. நன்றியுரைக்குள் பின்வரிசை காலி, எங்கேயும் நடப்பதுதான். சாப்பாட்டுப் பக்கம்தான் கதை இருக்கிறது.

முதலாம் வருடம். தைப்பொங்கலுக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவதால் கம்பஸ் பொங்கல் சில நாள் பிந்தித்தான் வைத்தோம். மாரி மழையில் விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்து, ஒருமாதிரிப் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, முதல் தட்டை என் அறைத்தோழனிடம் நீட்டினேன். மூதூர்க்காரன், முஸ்லிம். வாங்கினான். ஒரு கஜுவைக்கூட எடுக்காமல் தட்டைக் கையில் வைத்தபடி கதைத்துக்கொண்டே நின்றான். "சாப்பிடு மச்சான், ஆறப்போகுது" என்று நான் வேறு இரண்டுதரம் வற்புறுத்தினேன். சீனியர் அக்கா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "படைச்சதை அவங்கள் சாப்பிடமாட்டாங்கள் தம்பி, உனக்குத் தெரியாதா?" என்றா.

தெரியாது. திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தும் இருபது வயதுவரை தெரியாது. பள்ளிக்கூடம் தனித்தனி என்றால் அப்படித்தான்.

அடுத்த வருடம் இரண்டு பானை வைத்தோம். அதே சிவப்புப் பச்சையரிசி, அதே பயறு, அதே சர்க்கரை. ஒன்று படைக்க, மற்றது படைக்காமல் பரிமாற. இரண்டாவது பானைக்கு விறகு தள்ளியது அவன்தான். அடிப்பிடிக்கவும் விட்டான்.

நோன்பு வந்தபோது கணக்கு மறுபக்கம். கஞ்சிக்கு மாட்டிறைச்சி போட்டால்தான் ருசி என்பார்கள். எங்களுக்காக ஒரு சட்டி இறைச்சியில்லாமல், இஞ்சி, உள்ளி, வெந்தயம், தேங்காய்ப்பாலோடு காய்ச்சினார்கள். அதுதான் முதலில் முடிந்தது; காய்ச்சியவர்களே சுரண்டிக் குடித்துவிட்டார்கள்.

சிங்களப் பிள்ளைகளோடு எனக்குப் பாஷைதான் சிக்கல். நான் கட்டிய வெசாக் விளக்குக் கூடு ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஒருத்தன் வந்தான், ஒன்றும் சொல்லாமல் நூலை அவிழ்த்தான், மூங்கிலைத் திருப்பிக் கட்டிக் கையில் தந்துவிட்டுப் போனான். இன்றைக்கும் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான்.

நீங்கள் விழாக் குழுவில் இருந்தால் முதலில் கலண்டரைப் பாருங்கள். நோன்பு வருடாவருடம் 10, 11 நாள் முன்னுக்கு நகரும். 2023இல் சித்திரைப் புத்தாண்டே அதற்குள் வந்துவிட்டது. அப்படியான வருடத்தில் கயிறிழுத்தலைப் பின்னேர வெயிலில் வைக்காமல் காலையிலேயே வையுங்கள். பாற்சோற்றைக் கொஞ்சம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு எடுத்து வையுங்கள்.