கனடாப் பெட்டி, லண்டன் அடப்டர்: எது எதோட சேரும்?

வெளிநாட்டுச் சொந்தக்காரரின்ர பொதிகளில பழைய கேம் பெட்டிகள் வன்னிக்கு வந்தபடி இருக்குது. பெட்டி ஒரு நாட்டுக்குரியது, அடப்டர் இன்னொரு நாட்டுக்குரியது, ரீவி இங்கத்தையது. வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

கிளிநொச்சி: அண்ணை, சித்தப்பா கனடாவில இருந்து முதலாவது பிளேஸ்டேசன் அனுப்பினவர். இங்கத்தை ரேடியோ வயர் அதில அப்படியே பொருந்துது. நேராக் குத்தலாமோ?

குத்தாதேங்கோ தம்பி. அந்த எட்டு வடிவத் துளை எல்லா நாட்டுப் பெட்டிக்கும் ஒண்டுதான், உள்ளுக்குள்ள இருக்கிற பவர் சப்ளைதான் வேற. கனடாப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது. 120 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடுற மின்சாரம்) உள்ளுக்க டிசியாகும்போது (ஒரே திசையில ஓடுற மின்சாரம்) ஏறத்தாழ 170 வோல்ட் வரும். அதுக்கு ஏற்ற மாதிரித்தான் பெரிய கப்பாசிற்றரும் (மின்சாரத்தைச் சேமிச்சு வைக்கிற பாகம்) போட்டிருப்பினம். எங்கட 230ஐக் குடுத்தால் அது 325க்குப் போகும். பியூஸ் எரியும், கப்பாசிற்றர் வெடிக்கும். பியூஸை மட்டும் மாத்திப்போட்டுத் திரும்பக் குத்திறதும் பிழை.

230இல இருந்து 110க்கு இறக்கிற ட்ரான்ஸ்போமர் ஒண்டு வாங்குங்கோ, 100 வாட் தாராளம். கையில தூக்கினால் பாரமா இருக்க வேணும். கையளவு, பாரமில்லாத, '1600 வாட்' எண்டு எழுதின கன்வேர்ட்டர் முடி உலர்த்திற மெசின் மாதிரிச் சூடாக்கிற சாமான்களுக்கு. அது மின்னலையை வெட்டித்தான் குடுக்கும், கேம் பெட்டிக்கு ஆகாது. பெட்டியைக் கொழுவ முதல் மல்ரிமீற்றரை (வோல்ட் அளக்கிற மீற்றர்) ஏசியில வைச்சு அளவுங்கோ. 110க்கும் 120க்கும் இடையில காட்டினால் சரி.

புதுக்குடியிருப்பு: நின்ரெண்டோ 64க்கும் ட்ரான்ஸ்போமர் வேணுமோ? அதுவும் கனடாதான்.

தேவையில்லை. அதின்ர பவர் சப்ளை பின்பக்கத்தால கழண்டு வரும். லண்டன் அல்லது ஐரோப்பாப் பெட்டியின்ர சப்ளையை அதே இடத்தில தள்ளிப் பூட்டுங்கோ. ரெண்டும் வெளிய விடுறது ஒரே 3.3 வோல்ட்டும் 12 வோல்ட்டும்தான். நின்ரெண்டோவின்ர கேம்கியூப் பெட்டிக்கும் இப்பிடி லண்டன் அடப்டரைப் போடலாம், அது 12 வோல்ட்.

வவுனியா: ஜப்பான் சூப்பர் பமிகொம் (சூப்பர் நின்ரெண்டோவின்ர ஜப்பான் பெட்டி) இருக்கு. லண்டன் சூப்பர் நின்ரெண்டோவின்ர அடப்டர் முனை அதுக்கு அளவெடுத்த மாதிரிப் போகுது. போடட்டோ?

இந்தச் சேர்க்கைதான் எல்லாத்திலயும் மோசமானது, தயவுசெய்து போடாதேங்கோ. லண்டன் அடப்டர் விடுறது 9 வோல்ட் ஏசி. லண்டன் பெட்டி அதை உள்ளுக்கை டிசியா மாத்திக் கொள்ளும். ஜப்பான் பெட்டியில அந்த வேலைக்கு ஒண்டுமில்லை. அது கேக்கிறது 10 வோல்ட் டிசி, 850 மில்லி அம்பியர், நடு முனை மைனஸ்.

லேபிளில 'அவுட்புட்' எண்ட வரியைப் பாருங்கோ. அலை மாதிரி ஒரு கோடு இருந்தால் ஏசி. நேர்கோடும் அதுக்குக் கீழ புள்ளிக்கோடும் இருந்தால் டிசி. பக்கத்தில வட்டம் போட்டு நடுவில பிளஸ்ஸோ மைனஸ்ஸோ எண்டு கீறியிருக்கும்.

ஜப்பான் பெட்டிக்கு 9 அல்லது 10 வோல்ட் டிசி, 850 மில்லி அம்பியருக்குக் குறையாத அடப்டர் போதும். முனை 5.5க்கு 2.1 மில்லிமீற்றர். றவுட்டருக்கும் கமராவுக்கும் கடையில விக்கிறதில அநேகம் நடு முனை பிளஸ். அப்பிடியெண்டால் வயரை நடுவில வெட்டி, ரெண்டு நரம்பையும் மாத்தி முறுக்கி, ஈயம் வைச்சு ஒட்டுங்கோ. பிறகு மீற்றரின்ர சிவப்பை நடுவிலயும் கறுப்பை வெளியிலயும் வையுங்கோ. எண்ணுக்கு முன்னால மைனஸ் வந்தால்தான் பெட்டியில குத்தலாம்.

சேகா மெகா டிரைவ் வைச்சிருக்கிற ஆக்களும் கவனியுங்கோ. முதல் மொடலுக்கு நடு முனை மைனஸ். ரெண்டாவது மொடலுக்கு நடு முனை பிளஸ், முனையும் சின்னன்.

மாங்குளம்: கனடா பிளேஸ்டேசன் 2, ட்ரான்ஸ்போமரில நல்லா ஓடுது. படம் மட்டும் கறுப்பு வெள்ளை.

முதலில மஞ்சள் வயரைப் பாருங்கோ. சில எல்சிடி ரீவியில பச்சைத் துளையும் மஞ்சள் துளையும் ஒண்டா இருக்கும், மெனுவில ஏவி எண்டு தெரிவு செய்யாட்டில் நிறம் வராது. அது சரியெண்டால் கலர் சிஸ்டத்தை 'ஓட்டோ' அல்லது 'என்ரிஎஸ்சி 3.58'க்கு மாத்துங்கோ. கனடாப் பெட்டி என்ரிஎஸ்சி எண்ட வட அமெரிக்க முறையில நிறத்தை 3.58 மெகாஹேர்ட்ஸில அனுப்பும், எங்கட ரீவி 'பிஏஎல்' (PAL) எண்ட முறையில 4.43இல தேடும்.

பரந்தன்: பிரான்சில இருந்து வந்த பிளேஸ்டேசனில 21 முள்ளு வைச்ச அகலப் பிளக். எங்கட ரீவியில அந்தத் துளையே இல்லை.

அது ஸ்கார்ட். மாத்திக் குடுக்கிற அடப்டருக்குக் காசு செலவழிக்காதேங்கோ, வயரில ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியா அனுப்பிற முறை) மட்டும் இணைச்சிருந்தால் படம் சரியா வராது. பிளேஸ்டேசன் 1, 2, 3 மூண்டுக்கும் ஏவி வயரின்ர முனை ஒண்டுதான், எந்த நாட்டுப் பெட்டிக்கும் சேரும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் ஒண்டு வாங்கினால் முடிஞ்சுது.

முல்லைத்தீவு: லண்டன் மெமரி கார்ட்டைக் கனடா பிளேஸ்டேசன் 1இல போட்டால் அழிஞ்சிடுமோ?

அழியாது. கார்ட்டில இருக்கிற 15 சேமிப்புக் கட்டமும் அப்படியே தெரியும், கொன்ட்ரோலரும் நாடு பாக்காது. ஆனால் லண்டன் டிஸ்கில சேமிச்ச ஆட்டத்தைக் கனடா டிஸ்க் கண்டுகொள்ளாது. சேமிப்பின்ர பெயரில நாட்டுக் குறியீடும் டிஸ்க் இலக்கமும் சேர்ந்திருக்கும்.

மல்லாவி: லண்டன் சூப்பர் நின்ரெண்டோ கொன்ட்ரோலர் அமெரிக்கப் பெட்டியில அசையுதில்லை.

கொன்ட்ரோலர் பழுதில்லை. லண்டன் கொன்ட்ரோலருக்குள்ள சிக்னல் வழியில டயோட் (மின்சாரத்தை ஒரு பக்கமா மட்டும் விடுற பாகம்) இருக்கும், அதுக்குத் துணையா லண்டன் பெட்டிக்குள்ள றெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் குறைக்கிற பாகம்) இருக்கும். அமெரிக்கப் பெட்டியில அந்த றெசிஸ்டர் இல்லை. டயோட்டின்ர ரெண்டு காலையும் சின்ன வயரால இணைச்சால் வேலை செய்யும். அமெரிக்கக் கொன்ட்ரோலரை லண்டன் பெட்டியில போட ஒரு வேலையும் தேவையில்லை.

ஒட்டுசுட்டான்: பிளேஸ்டேசன் துவக்கு எல்சிடியில சுடுதில்லை. நாடு மாறினதாலயோ?

நாடு காரணமில்லை, ரீவிதான் காரணம். பழைய குழாய் ரீவியில படம் கோடு கோடாக் கீறப்படும், அந்த வெளிச்சம் கடந்து போற நேரத்தை வைச்சுத்தான் துவக்கு இடத்தைக் கணக்கிடும். குழாய் ரீவி ஒண்டு தேடுங்கோ. துவக்கின்ர மஞ்சள் முனையைப் பெட்டியின்ர மஞ்சள் வயருக்கும் ரீவிக்கும் இடையில கொழுவவும் மறக்காதேங்கோ, அதில்லாட்டில் குழாய் ரீவியிலயும் குறி விழாது.